இரண்டு சாவிகள்

நெல் விளையும் ஊரில் பூச்சி மருந்து வீட்டுக்குள் வருவதற்கு ஒரு பருவம் உண்டு. பயிர் தூர் கட்டும்போதோ கதிர் வரும்போதோ கடைக்குப் போய் வாங்குவார்கள், அடிப்பார்கள், அத்தோடு வேலை முடிந்தது. பூ விளையும் ஊரில் அப்படி ஒரு முடிவு கிடையாது. மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்தால் அன்றைய பறிப்பே போச்சு. பூவோ நாள்தோறும் சந்தைக்குப் போயாக வேண்டிய சரக்கு. அதனால் பூ விவசாயியின் வீட்டில் கட்டிலடியிலோ பரண்மேலோ எரவாணத்திலோ பாதி தீர்ந்த மருந்துப் புட்டி ஒன்று ஆண்டு முழுக்க இருந்துகொண்டே இருக்கும். வீட்டில் சண்டை நடக்கும் இரவிலும் அது அங்கேதான் இருக்கும்.

சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, வீராணம் ஏரியை ஒட்டியிருக்கிறது கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில். இந்த வட்டாரத்தில் பூ சாகுபடியை நம்பியிருக்கும் சில கிராமங்களைச் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழு தேர்ந்தெடுத்தது. இரண்டு கிராமங்களில் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பூச்சி மருந்துக்கென்று ஒரு பொதுச் சேமிப்பகம் கட்டியது. உள்ளே வங்கி லாக்கர்போல வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சாவிகள். ஒன்று விவசாயியிடம், இன்னொன்று சேமிப்பகப் பொறுப்பாளரிடம். மருந்து வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்ளலாம், அடித்து முடித்ததும் மிச்சத்தைத் திரும்ப வைத்துவிடலாம்.

அந்தக் குழுவின் தலைவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைத் தடுப்பு ஆய்வில் உலக அளவில் மதிக்கப்படும் தமிழகப் பெயர் அவருடையது. மனம் உடைந்த மனிதரிடம் பேசுவதையும், அவர் பேச்சைக் கேட்பதையும் தொழிலாகக் கொண்ட ஒருவர், எதற்காகக் கொத்தனாரையும் பூட்டுக்காரரையும் தேடிப் போனார்? அவருடைய ஆய்வுகளை வந்த வரிசையில் படித்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது.

காட்டுமன்னார்கோயிலுக்கு அரை மணி, முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் உளவியல் பட்டத்தோடு ஆற்றுப்படுத்துநராக வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் அதன் தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள். பாடநூல் அவர்களுக்குக் காட்டும் காட்சி ஒன்றுதான்: அமைதியான அறை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, தானாக வந்து உட்கார்ந்து மனம் திறக்கும் ஒருவர். பயனுள்ள காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் காட்டுமன்னார்கோயில் பூக்காட்டிலிருந்து அந்த அறைக்கு யார் வருவார்கள்? கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி, நடந்ததை ஒரு அந்நியரிடம் சொல்ல எத்தனை பேர் துணிவார்கள்? வராதவர்களை எண்ணிப் பார்த்தபோது தொடங்கியதுதான் நான் சொல்லப்போகும் ஆய்வு வாழ்க்கை.

1986இல் சென்னையில் 'ஸ்நேகா' தொடங்கப்பட்டது. லட்சுமி விஜயகுமார் அதை நிறுவியவர். அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் இருந்தது. சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல் லண்டனில் தொடங்கிய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அது. அதன் அடிப்படை எளிது: உயிரை விட நினைப்பவர் தொலைபேசியில் அழைக்கலாம். எடுப்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர் போதும். அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார், புத்திமதி சொல்லமாட்டார், பொறுமையாகக் கேட்பார். ஸ்நேகா தொடங்கிய காலத்தில் தற்கொலை முயற்சி இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றம். உயிர் பிழைத்தவர் கண் விழிக்கும்போது கட்டிலருகே காவலர் நிற்கக்கூடும். அப்படிப்பட்ட ஊரில் 'என்னிடம் சொல்லுங்கள்' என்று ஒரு தொலைபேசி எண்ணை வெளியிடுவது சின்னத் துணிச்சல் இல்லை. (அந்த எண் இன்றும் இயங்குகிறது: 044-24640050. நடுவண் அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தேவைப்பட்டால் இப்போதே அழைக்கலாம். அத்தியாயம் காத்திருக்கும்.)

சேவை செய்பவர்கள் பலரும் சேவையோடு நின்றுவிடுவார்கள். இவர் எண்ணத் தொடங்கினார். அவரும் எஸ். ராஜ்குமாரும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்க்கையை, உயிரோடிருக்கும் 100 பேரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டார்கள். இறந்தவரைக் கேள்வி கேட்க முடியாது. அவருடைய குடும்பத்தாரிடம் உட்கார்ந்து கடைசி மாதங்களை ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும். உளவியல் பிரேதப் பரிசோதனை என்று இதைச் சொல்வார்கள். இறந்துபோன மகனைப் பற்றித் தாயிடம் கேள்வி கேட்கும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை முறையியல் பாடத்தில் யாரும் எழுதுவதில்லை. மனநோய், குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த மனநலக் குறைவு, இறப்பதற்கு முந்தைய சில வாரங்களில் நேர்ந்த பெரிய அடி ஆகிய மூன்றும் இறந்தவர்களிடம் மிக அதிகமாக இருந்தன. மேலை நாடுகளில் கண்ட ஆபத்துக் காரணிகள் இங்கேயும் செல்லுமா என்பதே கட்டுரையின் கேள்வி. பெரும்பாலும் செல்லும் என்பது விடை.

ஆனால் ஆபத்தில் இருப்பவர் யாரென்று தெரிவது ஒன்று, அவரைக் காப்பாற்றுவது இன்னொன்று. இரண்டாவதற்கு வழி காட்டியது, அவர் பங்கேற்ற வேறொரு பெரிய சோதனை.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் அதை நடத்தியது: பிரேசிலின் காம்பினாஸ், இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் கரஜ், சீனாவின் யுன்செங். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 1867 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச்சு. பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொடர்பு. முதலாம் வாரம், இரண்டாம் வாரம், நாலாம் வாரம், ஏழாம் வாரம், பதினோராம் வாரம், அப்புறம் நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்கள். தொலைபேசியில் அழைப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்கே போவார்கள். எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பார்கள். மருந்தும் இல்லை, ஆழ்மனப் பகுப்பாய்வும் இல்லை.

பதினெட்டு மாதம் கழித்து முடிவைப் பார்த்தார்கள். கடைசிவரை தொடர்ந்து பின்பற்ற முடிந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 827 பேரில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்பில் வைக்கப்பட்ட 872 பேரில் 2 பேர். சதவீதத்தில் 2.2க்கு எதிராக 0.2. கட்டுரை 2008இல் வெளிவந்தது.

இந்த எண்களைப் பார்த்து நான் வியப்பதற்குக் காரணம் இருக்கிறது. உளவியல் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு வினாத்தாளில் கிடைக்கும் மதிப்பெண் குறைந்ததா என்று பார்க்கும். சோர்வு இருபதிலிருந்து பதினைந்தாகக் குறைந்தது என்பார்கள். நல்லதுதான், ஆனால் அந்த ஐந்து மதிப்பெண் ஒரு மனிதரின் வாழ்க்கையில் என்ன என்று சொல்வது கடினம். இங்கே எண்ணியது உயிர்களை. அதுவும் ஐந்து நாடுகளில், ஐந்து மொழிகளில், மருத்துவர்கள் போதாத ஊர்களில். இதற்கு ஒரு மூதாதையும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு மட்டும் சில வரிக் கடிதங்களை ஐந்தாண்டுகள் அனுப்பினார். நலமா என்று விசாரிக்கும் கடிதங்கள், எந்த வற்புறுத்தலும் இல்லாதவை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் வந்தவர்களிடம் தற்கொலை குறைவாக இருந்தது. 2001இல் அதன் முழு முடிவு வெளிவந்தது. ஆற்றுப்படுத்துதலின் பலம் பேச்சின் நுட்பத்தில் மட்டும் இல்லை, நம்மை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்ற தெளிவிலும் இருக்கிறது என்பதற்கு இவ்விரு சோதனைகளைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

தொடர்பு காப்பாற்றுகிறது, சரி. ஆனால் அது மருத்துவமனை வரை உயிரோடு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே காப்பாற்றுகிறது. கிராமத்தில் வந்து சேராமலே போகிறவர்களை என்ன செய்வது?

இலங்கையில், நஞ்சுண்டு மருத்துவமனைக்கு வந்து உயிர் பிழைத்தவர்களிடம் மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் கேட்டறிந்தது 2006இல் வெளியானது. பாதிப் பேருக்கு மேல் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. எது கைக்கு எட்டியதோ அதை எடுத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு முடிவெடுப்பவர் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறதே, கிராமத்து வீடுகளில் அந்தப் படம் பெரும்பாலும் பொய். கடன்காரன் வாசலில் வந்து கத்தியிருப்பான், கணவன் குடித்துவிட்டு அடித்திருப்பான், தேர்வு முடிவு வந்திருக்கும். கோபமும் அவமானமும் உச்சத்தில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் கடந்துவிட்டால், பலர் வாழவே விரும்புகிறார்கள். பிழைத்து எழுந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அப்படியானால் ஆபத்து மனதில் மட்டும் இல்லை, கட்டிலடியிலும் இருக்கிறது. நகரத்தில் அதே கோபத்தில் ஒரு பெண் எதையாவது விழுங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கிராமத்தில் அதே கோபத்துக்கு அதே அளவு மன்னிப்பு கிடைப்பதில்லை.

இந்த எண்ணம் பழையதுதான். 1960களில் இங்கிலாந்து வீடுகளில் நிலக்கரி வாயுவுக்குப் பதில் நச்சு குறைந்த இயற்கை வாயு வரத் தொடங்கியது. காரணம் வெறும் பொருளாதாரம், உயிர் காக்கும் எண்ணமே அதில் இல்லை. ஆனால் 1963க்கும் 1975க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலைகளின் மொத்த எண்ணிக்கை 5,714இலிருந்து 3,693ஆகக் குறைந்தது. ஒரு வழி அடைபட்டதும் எல்லோரும் வேறு வழிக்குப் போய்விடவில்லை என்பதைக் கண்டு ஆய்வாளர்களே திகைத்தார்கள்.

இங்கேதான் காட்டுமன்னார்கோயில் வருகிறது. தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவர், மருந்துப் புட்டியைக் கொஞ்சம் தூரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அந்தத் தூரம் நேரமாக மாறும். நேரம் கிடைத்தால் யாராவது ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தக்கூடும், இல்லையென்றால் அந்த மனிதரே நின்றுவிடக்கூடும்.

உளவியலாளர் ராணி மோகன்ராஜ், சமூக ஆய்வாளர் சுபா குமார், புள்ளியியலாளர் எல். ஜெயசீலன் முதலியோர் உடன் உழைத்தார்கள். எந்தக் கிராமத்தில் சேமிப்பகம், எந்தக் கிராமம் ஒப்பீட்டுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆய்வாளர் தன் விருப்பத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கும் நல்ல ஊரையே தேர்ந்தெடுத்துவிடுவார், பிறகு கிடைக்கும் நன்மைக்குக் காரணம் கட்டடமா ஊரா என்று பிரித்தறிய முடியாது. சேமிப்பகம் கட்டிய இடங்களில் 1,097 வீடுகள், 4,446 பேர். ஒப்பீட்டுக் கிராமங்களில் 782 வீடுகள், 3,307 பேர். வீடு வீடாகக் கணக்கெடுப்பு, ஊர்க்காரர்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேச்சு, முயற்சிகளையும் இறப்புகளையும் பற்றிய தொடர் கண்காணிப்பு என்று மூன்றும் சேர்ந்து நடந்தன.

முக்கியமான பகுதி, கேட்டால் வியப்பாக இருக்கும், அந்தக் குழுப் பேச்சுதான். என் மருந்தை என் வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் எதற்கு வைக்க வேண்டும்? காணாமல் போனால் யார் பொறுப்பு? விடிகாலையில் மருந்தடிக்க வேண்டுமென்றால் யார் திறப்பார்? விவசாயிக்கு இவை நியாயமான கேள்விகள். தற்கொலை என்ற சொல்லோடு வந்து நின்றால் பூட்டுப் போட ஒரு வீடும் முன்வராது, 'எங்க வீட்ல அப்படி யாரும் இல்லீங்க' என்று கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் குழந்தை தெரியாமல் எடுத்துக் குடித்துவிடும், ஆடு மாடு வாய் வைத்துவிடும், சாப்பாட்டுப் பொருளோடு கலந்துவிடும் என்ற அச்சம் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு ஊரின் அச்சத்தையும் மானத்தையும் புரிந்துகொண்டு பேசத் தெரிவது ஆற்றுப்படுத்துநரின் கலையேதான். அறைக்குள் ஒரு மனிதரிடம் செய்வதை இங்கே தெருவிடம் செய்ய வேண்டியிருக்கிறது.

முடிவுகள் 2013இல் வெளிவந்தன. பூச்சி மருந்தால் நேர்ந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 295 என்ற அளவுக்குச் சேமிப்பகக் கிராமங்கள் நல்ல பக்கத்தில் நின்றன. எல்லா வழிகளையும் சேர்த்தால் அந்த வேறுபாடு 339. இந்த இரண்டாவது எண்ணை நிதானமாகப் பார்க்க வேண்டும். மருந்தை விட்டுவிட்டு எல்லோரும் வேறு வழிக்கு மாறியிருந்தால் மொத்தக் கணக்கில் வேறுபாடு கரைந்து போயிருக்கும். கரையவில்லை.

இனி, எண்களோடு நேர்மையாக இருப்போம். 295 என்பதன் நம்பக எல்லை சுமார் 155இலிருந்து 435 வரை நீளுகிறது. அதாவது உண்மையான வேறுபாடு இந்த அகன்ற இடைவெளியில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். விரல் விட்டு எண்ணக்கூடிய கிராமங்களில் நடந்த சோதனை இது. இது சாத்தியமா, ஊர் ஏற்குமா என்று பார்ப்பதே இதன் நோக்கம் என்று ஆசிரியர்களே தலைப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஊர் ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் அடித்துச் சொல்லப் பெரிய சோதனை வேண்டும்.

பெரிய சோதனை ஒன்று இலங்கையில் நடந்தது, வேறொரு வடிவில். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், 53,382 வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கொரு பூட்டுள்ள பெட்டி கொடுத்தார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு ஏமாற்றம் தந்தது: பெட்டி கொடுத்த ஊர்களில் பூச்சி மருந்தால் தனக்குத் தானே நஞ்சூட்டிக்கொண்டவர்கள் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 293, கொடுக்காத ஊர்களில் 318. சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இதைக் காட்டுமன்னார்கோயிலுக்கு எதிரான தீர்ப்பு என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுப் பெட்டியின் சாவி வீட்டிலேயே இருக்கிறது. கோபத்தில் இருப்பவருக்கும் மருந்துக்கும் நடுவே இருப்பது ஒரு பூட்டு மட்டும், இன்னொரு மனிதர் இல்லை. பொதுச் சேமிப்பகத்தில் வீட்டை விட்டு இறங்கி, தெருவில் நடந்து, வேறொருவரின் பார்வையில் பட்டுத்தான் மருந்தை அடைய முடியும். ஆனாலும் இது என் ஊகம்தான். சிறு சோதனை தந்த நம்பிக்கையைப் பெரிய சோதனை குலைப்பது மருத்துவ வரலாற்றில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது, பொதுச் சேமிப்பகத்துக்கும் அது நேரலாம்.

இலங்கை இன்னொன்றையும் காட்டியது, அது பூட்டைவிட வலிமையானது. 1995இல் அங்கே தற்கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய நச்சுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாக அரசு தடை செய்தது. 2005 வாக்கில் விகிதம் பாதியானது, பின்னர் இன்னும் குறைந்தது. விளைச்சல் அதனால் சரிந்ததாகத் தெரியவில்லை. குறைவான நச்சுள்ள மருந்தைக் குடித்தவர்களில் பலர் பிழைத்துக்கொண்டார்கள். தமிழக அரசும் 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது, எலி பேஸ்டுக்கு நிரந்தரத் தடை விதித்தது. அறுபது நாள் போதாது என்றே நினைக்கிறேன். மாநிலங்களுக்கு நடுவண் சட்டம் தரும் அதிகாரம் குறுகிய காலத்துக்கு மட்டுமே என்பதால், அந்த எல்லையைத் தாண்டும் பொறுப்பு டெல்லியில் இருக்கிறது.

கடனையும் குடியையும் அடியையும் தொடாமல் புட்டியை மட்டும் நகர்த்துவது மேல்பூச்சு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்கள் அத்தனையும் உண்மை. ஆனால் அடுத்த அறுவடைவரை உயிரோடிருக்கும் விவசாயிக்குத்தான் கடன் தள்ளுபடி பயன்படும். லட்சுமி விஜயகுமாரின் வேலையும் பூட்டோடு நிற்கவில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தோற்ற மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே துணைத் தேர்வு எழுத வழி வேண்டும் என்று ஸ்நேகா வாதாடியது. தமிழகத்தில் இன்று அந்த வழி இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்க்கும் சட்டத்துக்கு எதிராக அவர் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது.

தொடர்பின் பலம் இன்னொரு துயரத்திலும் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் கிள்ளையை ஒட்டிய திட்டுகளிலும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேரைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருந்தன. அப்போது ஆற்றுப்படுத்துதல் என்ற பெயரில் பலரும் கடற்கரைக்கு ஓடி வந்தார்கள். துயரத்தில் இருப்பவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் முன்பே எச்சரித்திருந்தன. வேலூர் சிஎம்சியைச் சேர்ந்த பிரதாப் தரியன் போன்றவர்கள் அதை உரக்கச் சொன்னார்கள். லட்சுமி விஜயகுமாரும் சுரேஷ் குமாரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு மாற்று வழி ஒன்றைச் சோதித்தது. பேரலையில் உறவுகளை இழந்தவர்களைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவர்களின் மனச்சோர்வு, பார்க்கப்படாதவர்களைவிட நன்றாகக் குறைந்தது. தமிழகத்தில் இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் முகாம்களில் முகாம்வாசிகளையே தன்னார்வலர்களாக்கி இதையே பின்னர் செய்தார்கள். அதோடு ஒரு சின்ன அட்டையும் கொடுத்தார்கள். மனம் இருளும்போது என்ன செய்வது, யாரிடம் போவது என்று அவரவரே முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளும் அட்டை.

காட்டுமன்னார்கோயிலில் சோதித்த சேமிப்பகம் பின்னர் குஜராத்தின் மேசானா மாவட்டக் கிராமங்களில் பெரிய அளவிலான சோதனைக்குப் போனது. சௌமித்ர பதாரே தலைமையில், லட்சுமி விஜயகுமாரும் பங்கேற்ற 'ஸ்பிரிட்' திட்டம் அது. இம்முறை பூட்டு தனியாக வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநலப் பாடம், ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காணும் பயிற்சி ஆகியவையும் உடன் வந்தன. கடலூர் மாவட்டத்துப் பூ விவசாயிகள் கேட்ட அதே கேள்விகளைத்தான் அங்கே வேறு பயிர் விளைவிப்பவர்களும் கேட்டிருப்பார்கள்: விடிகாலையில் யார் திறப்பார், காணாமல் போனால் யார் பொறுப்பு.